யு-யு-யு: ஜீனோட மொழியை உடைச்ச கதை

போன எபிசோடுல 1953 வரைக்கும் வந்து நின்னோம். கேம்பிரிட்ஜ், வாட்சன், கிரிக், டி.என்.ஏ.வோட இரட்டைச் சுருள். நிறைய பேருக்கு ஜெனெடிக்ஸ் கதை அங்கேயே கிளைமாக்ஸ் ஆகி முடிஞ்சிடும். ஆனா அன்றைக்கு நிலைமை என்னன்னு யோசிச்சுப் பாருங்க. கையில் ஒரு ஹார்ட் டிஸ்க் கிடைத்துவிட்டது. அதில் நாலே நாலு எழுத்துதான் திரும்பத் திரும்ப வருதுன்னு தெரியும். ஃபைல் ஃபார்மேட் தெரியாது, அதைப் படிக்கிற ப்ரோக்ராம் எதுன்னும் தெரியாது. அந்த ஃபார்மேட் முழுசா பிடிபட இன்னும் 13 வருஷம் ஆச்சு. இன்னிக்கு பேசப்போறது அந்த 13 வருஷத்தைப் பற்றித்தான்.

பிரச்சினையை முதல்ல சொல்லிடறேன். உடம்புக்குள்ள வேலை பார்ப்பது பெரும்பாலும் புரதங்கள். செரிமானத்துக்கு ஒன்று, ஆக்ஸிஜனைச் சுமக்க ஒன்று, இப்படி. ஒவ்வொரு புரதமும் அமினோ அமிலங்களை மணி மாதிரி கோர்த்த ஒரு சரம். மணியில் 20 வகை. டி.என்.ஏ.வில் எழுத்து நாலு. அப்போ நாலு எழுத்தை வைத்து 20 மணிக்கு எப்படிப் பெயர் வைப்பது? ஓரெழுத்துப் பெயர் என்றால் 4 தான் கிடைக்கும். ஈரெழுத்து என்றால் 16, பத்தாது. மூன்றெழுத்து என்றால் 64, ரொம்ப அதிகம். 20 தேவைப்படும் இடத்தில் 64 எதுக்கு? இந்தக் கேள்விதான் பல பெரிய மூளைகளைத் தப்பான ரூட்டில் கொண்டுபோய் விட்டது.

முதலில் குதித்தவர் உயிரியலாளரே கிடையாது. ஜார்ஜ் காமோவ், சோவியத் யூனியனில் இருந்து தப்பி அமெரிக்கா போன இயற்பியலாளர், பெருவெடிப்புக் கொள்கையை வளர்த்தவர்களில் ஒருவர். வாட்சன், கிரிக் கட்டுரையைப் படித்த கையோடு அவர்களுக்கு ஒரு கடிதம் போட்டார். அவருடைய ஐடியா இதுதான்: இரட்டைச் சுருளின் படிகளுக்கு நடுவே வைர வடிவத்தில் சின்னச் சின்னப் பள்ளங்கள் இருக்கு, ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு அமினோ அமிலம் போய் உட்காரும். சுற்றியுள்ள எழுத்துகளை வைத்து எத்தனை வகைப் பள்ளம் வரும்னு எண்ணிப் பார்த்தால் சரியா 20! 1954ல் இது நேச்சர் இதழில் வந்தது.

காமோவ் ஜாலியான மனுஷர். இந்தப் புதிரைத் தீர்க்க ஒரு கிளப்பே ஆரம்பித்தார். பேரு ஆர்.என்.ஏ. டை கிளப். 20 அமினோ அமிலத்துக்கு 20 உறுப்பினர், எல்லாருக்கும் சுருள் வேலைப்பாடு போட்ட ஒரு கழுத்து டை. ரிச்சர்ட் ஃபைன்மேன்தான் கிளைசின். ஹைட்ரஜன் குண்டு எட்வர்ட் டெல்லர், லியூசின். நம்ம கிரிக், டைரோசின். இயற்பியல், கணிதம், வேதியியல் என எல்லாத் துறையிலும் ஸ்டார்கள். இவங்களால முடியலைன்னா வேற யாரால முடியும்னு தோணும் இல்லையா?

வைரப் பள்ள ஐடியா சீக்கிரமே அடி வாங்கியது. அதில் பக்கத்துப் பக்கத்துப் பள்ளங்கள் எழுத்துகளைப் பங்கு போட்டுக்கொள்ளும். அப்படி இருந்தால் சில அமினோ அமிலங்கள் அடுத்தடுத்து வரவே முடியாது. அந்த நேரத்தில் ஃபிரெட் சாங்கர் இன்சுலின் புரதத்தில் மணிகள் எந்த வரிசையில் இருக்குன்னு கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். கிரிக் அந்த வரிசையை எடுத்துப் பொருத்திப் பார்த்தார், பொருந்தவில்லை. 1957ல் சிட்னி பிரென்னர் அதுவரை தெரிந்த எல்லா வரிசைகளையும் சேர்த்து வைத்து, எழுத்தைப் பங்கு போடுகிற எந்த மூன்றெழுத்துக் கோடும் சாத்தியமில்லைன்னு முடித்துவிட்டார்.

அதே 1957ல்தான் கிரிக், கிரிஃபித், ஆர்கல் மூன்று பேரும் ஒரு பேரழகான ஐடியாவோடு வந்தார்கள். கொஞ்சம் நிதானமா சொல்றேன், ஏன்னா இன்னிக்குப் படிச்சாலும் எனக்கு இதுமேல ஒரு மயக்கம் இருக்கு.

டி.என்.ஏ.வில் சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. பழைய ஓலைச்சுவடி மாதிரி ஒரே ஓட்டமா எழுதியிருக்கு. எங்க ஆரம்பிச்சு மூணு மூணா பிரிக்கணும்னு செல்லுக்கு எப்படித் தெரியும்? இவங்க சொன்ன தீர்வு: சில மூன்றெழுத்துகளுக்கு மட்டும்தான் அர்த்தம் இருக்கணும், மிச்சதுக்கு அர்த்தமே இருக்கக் கூடாது. தப்பான இடத்தில் இருந்து படித்தால் வருவதெல்லாம் அர்த்தமில்லாத சொல்லா இருந்தால் குழப்பமே வராது. சரி, அப்படி எத்தனை சொல் வைத்துக்கொள்ளலாம்? ஏ-ஏ-ஏ மாதிரி ஒரே எழுத்து மூன்று முறை வருவது 4 இருக்கு. அது ரெண்டு தடவை வந்தால் எங்கிருந்து படிச்சாலும் ஏ-ஏ-ஏ தானே, அதனால் அந்த 4ஐயும் தூக்கிவிடணும். மிச்சம் 60. ஏ-பி-சி ஒரு சொல் என்றால், அதையே சுழற்றினால் வரும் பி-சி-ஏ, சி-ஏ-பி ரெண்டுக்கும் அர்த்தம் இருக்கக் கூடாது. ஆக மூன்றில் ஒன்றுதான் தேறும். 60ஐ 3ஆல் வகுங்க.

20.

கமா இல்லாத கோட் என்று இதற்குப் பெயர். வீணே கிடையாது, குழப்பமே கிடையாது, விடையும் மிகச் சரியா 20. சாலமன் கோலம்ப் மாதிரி கணித ஆட்கள்கூட இதைத் தூக்கிக்கொண்டு போய்த் தேற்றங்கள் நிரூபித்தார்கள். கோட் எழுதுற எந்த ஆளுக்கும் இதைப் பார்த்ததும் கை பரபரக்கும். நான் மட்டும் அந்தக் காலத்தில் இருந்திருந்தா இதுக்குத்தான் ஓட்டுப் போட்டிருப்பேன். முழுக்கத் தப்பு.

இப்போ வாஷிங்டன் பக்கத்தில் உள்ள பெதஸ்டா போகலாம். தேசிய சுகாதார நிறுவனம், அதாவது என்.ஐ.ஹெச். அங்கே மார்ஷல் நிரென்பர்க் என்ற முப்பத்துச் சொச்ச வயதுக்காரர். டை கிளப்பில் இல்லை, பெரிய மாநாடுகளில் யாருக்கும் அவரைத் தெரியாது. அவர்கூட ஹைன்ரிக் மத்தாய், ஜெர்மனியில் இருந்து வந்த போஸ்ட்டாக். இவங்க எடுத்த வழி ஃபார்முலாவே இல்லாத வழி.

ஈ. கோலை பாக்டீரியாவை எடுத்து நன்றாக அரைத்துவிடுவார்கள். செல் உடைந்துவிடும். சுழற்றி வடித்தால் ஒரு சாறு கிடைக்கும். அதில் உயிருள்ள செல் எதுவும் இல்லை. ஆனால் புரதம் கோர்க்கிற மெஷின், அதாவது ரைபோசோமும் அதன் உதிரி பாகங்களும், அதில் இருக்கு. மேலே கொஞ்சம் ஆற்றலுக்கான வேதிப்பொருள், கொஞ்சம் அமினோ அமிலம் போட்டால் அந்தச் சாறு தானாகவே புரதம் கோர்க்கும். அமினோ அமிலத்தைக் கதிரியக்கக் கார்பனால் அடையாளம் பண்ணி வைத்தால், எவ்வளவு கோர்த்ததுன்னு எண்ணியும் பார்க்கலாம். செல்லுக்குள் ஏற்கெனவே இருந்த டி.என்.ஏ.வை ஒரு நொதி போட்டு அழித்தால் கொஞ்ச நேரத்தில் வேலை நின்றுவிடும், ஏன்னா புதுசா ஆர்டர் வராது. மெஷின் ரெடியா நிக்குது, ஃபைல் இல்லை. அப்போ நாமளே ஒரு ஃபைல் எழுதிக் கொடுத்தா என்ன?

1961 மே மாதம்தான் செய்தி சுமக்கும் ஆர்.என்.ஏ., எம்.ஆர்.என்.ஏ., இருக்குன்னு நேச்சரில் கட்டுரைகள் வந்தன. டி.என்.ஏ.வில் இருந்து நகல் எடுத்து ரைபோசோமுக்குக் கொண்டுபோகும் தற்காலிகக் காப்பி அது. அதில் நாலு எழுத்து: ஏ, சி, ஜி, யு. அதே மாதம் மத்தாய் கையில் என்.ஐ.ஹெச். சக ஆய்வாளர்கள் தயாரித்து வைத்திருந்த செயற்கை ஆர்.என்.ஏ. ஒன்று இருந்தது. பாலி-யு. யு யு யு யு யு என்று யு மட்டுமே உள்ள சரம். இதைவிட மொக்கையான ஒரு செய்தி இருக்க முடியாது. டெஸ்டிங் பண்றவங்களுக்குத் தெரியும், புது சிஸ்டத்துக்கு முதல்ல அனுப்பற இன்புட் எப்பவுமே இந்த மாதிரி முட்டாள்தனமாத்தான் இருக்கும்.

நிரென்பர்க் அப்போது கலிஃபோர்னியாவில் இன்னொரு லேபுக்குப் போயிருந்தார். மத்தாய் தனியா வேலை பார்த்தார். 20 அமினோ அமிலங்களையும் குழு குழுவா பிரித்து, எந்தக் குழுவில் எண்ணிக்கை ஏறுதுன்னு பார்த்து, வட்டத்தைச் சுருக்கிக்கொண்டே வந்தார். மே 27, அதிகாலை 3 மணி. ஃபினைல்அலனின் மட்டும் அடையாளம் போட்ட ட்யூபில், பாலி-யு சேர்க்காதபோது கருவி நிமிஷத்துக்கு 100ஐக்கூடத் தொடவில்லை. சேர்த்தபோது கிட்டத்தட்ட 40,000.

யு மட்டுமே உள்ள செய்தி, ஃபினைல்அலனின் மட்டுமே உள்ள புரதம். ஜீனோட மொழியில் முதல் சொல் அது.

இப்போ கமா இல்லாத கோடை ஞாபகம் பண்ணிப் பாருங்க. அதில் முதல் வேலையா எதைத் தூக்கினாங்க? ஒரே எழுத்து மூன்று முறை வருவதை. அந்தத் தியரிப்படி யு-யு-யு என்று ஒரு சொல்லே இருக்க முடியாது. அந்த ஐடியாவை உண்மையா நம்பின ஒருத்தர் பாலி-யு போட்டுப் பார்க்கிற டெஸ்டை எழுதியிருப்பாரா? வாய்ப்பே இல்லைன்னு சொல்ல மாட்டேன். பாலி-யு ஒரு கண்ட்ரோலாகக் கூட உள்ளே வந்திருக்கலாம். ஆனா அதை முதல் கேள்வியா கேட்கத் தோணியிருக்காது.

அந்த வருஷம் ஆகஸ்டில் மாஸ்கோவில் உயிர்வேதியியல் உலக மாநாடு. அதே மாதம்தான் பெர்லினில் சுவர் எழும்பியது. யாருக்கும் தெரியாத நிரென்பர்க்குக் கிடைத்தது ஒரு சின்ன அறை, சில டஜன் பேர். கேட்டவர்களில் ஒருவர் மேத்யூ மெசல்சன். அவர் நேரா போய் கிரிக்கிடம் சொன்னார். கிரிக் செய்ததை நான் ரொம்ப மதிக்கிறேன்: தன்னோட அழகான தியரியைக் கொன்ன ஆளைக் கூப்பிட்டு, பெரிய அரங்கில் அதே உரையை மறுபடி பேச ஏற்பாடு பண்ணினார்.

அதுக்காக தியரி ஆட்களை ஒரேயடியா ஓட்டவும் வேண்டாம். கிரிக் 1955லேயே, அமினோ அமிலத்தையும் ஆர்.என்.ஏ.வையும் இணைக்க நடுவில் ஒரு அடாப்டர் மூலக்கூறு இருக்கணும்னு ஊகித்து எழுதினார். அப்படியே இருந்தது, அதுதான் டி-ஆர்.என்.ஏ. தவிர 1961 கடைசியில் கிரிக்கும் பிரென்னரும் சகாக்களும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஜீன்களை எப்படிப் படிக்கிறாங்கன்னு யாராவது கேட்டா நான் முதல்ல காட்டுறது இதைத்தான். மெஷினைத் திறக்காமலே, ஜீனை உடைத்து உடைத்தே உள்ளே இருக்கிற விதியைக் கண்டுபிடித்தார்கள்.

பாக்டீரியாவைத் தாக்கும் டி4 என்ற வைரஸ். ப்ரோஃப்ளேவின் என்ற சாயம் போட்டால் அதன் டி.என்.ஏ.வில் ஒரு எழுத்து கூடும் அல்லது குறையும். இதைத் தமிழிலேயே செய்து பார்க்கலாம். எல்லாமே மூன்றெழுத்துச் சொல்லா ஒரு வாக்கியம், புள்ளி வைத்த எழுத்தையும் ஒன்றா எண்ணுங்க:

அக்கா நேத்து பழம் வாங்கி வந்தா அம்மா வெட்டி வச்சா

இப்போ "அக்கா"வுக்கு அப்புறம் ஒரு "ம" நுழைச்சிட்டு, மறுபடி மூணு மூணா பிரிங்க:

அக்கா மநேத் துபழ ம்வாங் கிவந் தாஅம் மாவெட் டிவச் சா

ஒரே எழுத்துதான் கூடினது, அதுக்கப்புறம் மொத்தமும் காலி. ஜீன் செத்துவிட்டது. இதே வாக்கியத்தில் "ம" தவிர, "பழம்" என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு "க", பின்னால் ஒரு "ட", ஆக மூன்று எழுத்து நுழைச்சுப் பாருங்க:

அக்கா மநேத் துகப ழம்ட வாங்கி வந்தா அம்மா வெட்டி வச்சா

நடுவில் கொஞ்சம் உளறல், அப்புறம் வாக்கியம் சரியாகிவிட்டது. வைரஸிலும் இதேதான் நடந்தது. ஒரு எழுத்து கூடினால் ஜீன் வேலை செய்யவில்லை, ரெண்டு கூடினாலும் செய்யவில்லை, மூன்று கூடினால் வேலை செய்தது. சொல் மூன்றெழுத்துதான். எந்த எழுத்து, எந்த அமினோ அமிலம்னு ஒன்னுமே தெரியாம, பிளேட்டில் வைரஸ் வளருதா இல்லையான்னு மட்டும் பார்த்தே இதைச் சொன்னார்கள். இந்தச் சோதனையில் இருந்து இன்னொன்றும் வெளியே வந்தது. நடுவில் வரும் உளறலையும் மெஷின் நிற்காமல் படித்துவிட்டுப் போகுதுன்னா, 64 சொல்லில் பெரும்பாலானவற்றுக்கு ஏதோ ஒரு அர்த்தம் இருக்கணும். வெறும் 20க்கு மட்டும் அர்த்தம் இருந்தால் உளறலில் எங்காவது நின்றிருக்கும்.

அப்புறம் ரேஸ். நியூயார்க்கில் நோபல் பரிசு பெற்ற செவரோ ஓச்சோவாவின் பெரிய டீம் அதே வேலையில் இறங்கியது. என்.ஐ.ஹெச்.சில் நிரென்பர்க்கின் சகாக்கள் பலர் சொந்த ஆய்வை ஓரமா வைத்துவிட்டு அவருக்கு உதவி செய்ய வந்தார்கள். ஆனால் ரெண்டு பக்கமும் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டது. யு-வும் ஜி-யும் கலந்து செயற்கை ஆர்.என்.ஏ. பண்ணலாம், எழுத்து எந்த வரிசையில் விழும்னு கட்டுப்படுத்த முடியாது. சொல்லில் என்னென்ன எழுத்து இருக்குன்னு தெரியும், எதுக்கு அப்புறம் எதுன்னு தெரியாது. 1964ல் நிரென்பர்க்கும் ஃபிலிப் லீடரும் ஒரு வழி கண்டார்கள்: மூன்றே எழுத்துள்ள ஒரு துண்டு ஆர்.என்.ஏ.வை ரைபோசோமில் ஒட்டவிட்டு, எந்த அமினோ அமிலத்தின் டி-ஆர்.என்.ஏ. அதோடு வந்து பிடிக்குதுன்னு வடிகட்டிப் பார்ப்பது.

இன்னொரு பக்கம் விஸ்கான்சினில் ஹர் கோவிந்த் கொரானா. இவர் பிறந்தது பஞ்சாபில் ராய்ப்பூர் என்ற சின்னக் கிராமம், இப்போ பாகிஸ்தானில் இருக்கு. அப்பா கிராமத்து வரிக் கணக்கர். சுமார் 100 பேர் இருந்த ஊரில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒரே குடும்பம்னு சொல்லலாம். லாகூரில் படிப்பு, லிவர்பூலில் முனைவர் பட்டம், பிறகு சூரிக். 1949ல் இந்தியா திரும்பினார். வேலை கிடைக்கவில்லை. மறுபடி கேம்பிரிட்ஜ், அங்கிருந்து கனடாவின் வான்கூவர், அப்புறம்தான் விஸ்கான்சின். 1969ல் இந்தியா அவருக்கு பத்ம விபூஷண் கொடுத்தது. அப்போது அவர் அமெரிக்கக் குடிமகன் ஆகி மூன்று வருஷம். இந்த ரெண்டு தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கோபம்தான் வரும், பெருமை அப்புறம்தான்.

கொரானாவின் பலம் வேதியியல். எழுத்து எழுத்தா, தான் நினைத்த வரிசையில் டி.என்.ஏ. துண்டுகளைக் கட்டி, நொதிகளை வைத்து அதை நீட்டி, அதில் இருந்து ஆர்.என்.ஏ. நகல் எடுத்தார். யு-சி-யு-சி-யு-சி என்று ஓடும் செய்தியைக் கொடுத்தால் என்ன வரணும்? மூன்று மூன்றா பிரித்தால் யு-சி-யு, சி-யு-சி, யு-சி-யு, சி-யு-சி. வந்த புரதத்தில் செரினும் லியூசினும் மாறி மாறி இருந்தன. அடுத்தது யு-யு-சி, யு-யு-சி என்று ஓடும் செய்தி. இதைப் படிக்க மூன்று வழி இருக்கு, எந்த எழுத்தில் ஆரம்பிக்கிறோம் என்பதைப் பொறுத்து. மூன்று வகைப் புரதம் வந்தது: ஃபினைல்அலனின் மட்டும், செரின் மட்டும், லியூசின் மட்டும். எங்கிருந்து படிக்கணும்னு செய்திக்குள்ளேயே பாதுகாப்பு எதுவும் இல்லை, ஆரம்பிக்கிற இடம் தப்பினால் அர்த்தம் மாறும். கமா இல்லாத கோட் தீர்க்க நினைத்த குழப்பம் இயற்கையில் அப்படியே இருக்கு.

1966ல் அட்டவணை ஏறக்குறைய முழுமை ஆனது. 64 சொல்லில் 61க்கு அமினோ அமிலம், 3 நிறுத்தற்குறி. லியூசின், செரின், ஆர்ஜினின் மூன்றுக்கும் ஆளுக்கு 6 சொல். மெத்தியோனினுக்கும் டிரிப்டோஃபேனுக்கும் ஒவ்வொன்று. நிறுத்தற்குறிகளில் ஒன்றுக்கு ஆம்பர் என்று பெயர், ஏன்னா அந்த ஆய்வில் உதவிய மாணவரின் குடும்பப் பெயர் பெர்ன்ஸ்டைன், ஜெர்மனில் அதற்கு ஆம்பர் என்று பொருள். வேரியபிளுக்குப் பேர் வைக்கிற விஷயத்தில் விஞ்ஞானிகள் நம்மைவிட மோசம்.

1968ல் நிரென்பர்க், கொரானா, டி-ஆர்.என்.ஏ. ஒன்றின் எழுத்து வரிசையைக் கண்டுபிடித்த ராபர்ட் ஹோலி மூவருக்கும் நோபல். மத்தாய் அதில் இல்லை. 1961 அக்டோபரில் வந்த ரெண்டு கட்டுரைகளில் ஒன்றில் மத்தாய் பெயர் முதலில், இன்னொன்றில் நிரென்பர்க் பெயர் முதலில். திட்டம் நிரென்பர்க்குடையது, அடுத்த அஞ்சு வருஷ உழைப்பும் அவருடையது, அதில் எனக்கு சந்தேகம் இல்லை. ஆனா அந்த அதிகாலைக்கு ஒரு பங்கு கொடுத்திருக்கலாம்னு இப்பவும் தோணுது.

முதல்ல கேட்ட கேள்விக்கு வருவோம். 20 போதும் என்கிற இடத்தில் 64 எதுக்கு? கமா இல்லாத கோடை ஒரு நிமிஷம் உண்மைன்னு வச்சுக்குவோம். 20 சொல்லுக்கு அர்த்தம், 44க்கு இல்லை. காப்பி எடுக்கும்போது ஒரு எழுத்து மாறினால், பெரும்பாலும் அர்த்தமில்லாத சொல்லில் போய் விழும். புரதம் பாதியில் நிற்கும். நிஜக் கோடில் மூன்றாவது எழுத்து மாறினால் பல நேரம் அதே அமினோ அமிலம்தான் வரும். சி-யு-யு, சி-யு-சி, சி-யு-ஏ, சி-யு-ஜி நாலுமே லியூசின். டை கிளப் ஆட்கள் வீண் என்று வெட்டின அந்த 44ல்தான் எழுத்துப் பிழையைத் தாங்குகிற சக்தி இருந்தது. அவங்க இடத்தை மிச்சம் பிடிக்கிற கோடைத் தேடினாங்க. கோடிக்கணக்கான வருஷமா பிழையோட காப்பி ஆகிக்கிட்டே வந்த ஒரு சிஸ்டத்துக்கு அது முக்கியமே இல்லை.

எல்லாப் பிழையையும் அது தாங்கிவிடாது. 1952ல் நீலகிரி மலையின் பழங்குடி மக்களிடம் சிக்கிள் செல் ரத்த அணுக்கள் இருப்பதை லேமனும் கட்புஷும் பதிவு செய்தார்கள், இந்தியாவில் அதுதான் முதல் பதிவுகளில் ஒன்று. 1957ல் வெர்னான் இங்கிராம், அந்த நோயில் ஹீமோகுளோபினில் குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய ஓரிடத்தில் வேலின் இருக்குன்னு காட்டினார். ஏன் அப்படி மாறுதுன்னு அப்போ சொல்ல முடியாது. அட்டவணை வந்த பிறகு அதில் விரல் வைத்துக் காட்டலாம்: ஜி-ஏ-ஜி என்றால் குளூட்டாமிக் அமிலம், ஜி-யு-ஜி என்றால் வேலின். மூன்றாவது எழுத்து மாறியிருந்தால் தப்பியிருக்க வாய்ப்பு இருந்தது. மாறினது நடு எழுத்து.

அந்த ஒரு எழுத்தைத் திருத்த முடியுமான்னு ஆரம்பிச்ச ஆராய்ச்சி எங்கே வந்து நிற்குது என்பதை அடுத்த எபிசோடுல பார்ப்போம்.